முறைப்பாடு செய்வது நன்றிகெட்ட வேலை அல்ல

“வந்த நாட்டில வழக்கு வம்பு வேண்டாம். தந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பம்.” எங்கட சனத்தின் வாயில் அடிக்கடி வரும் வசனம் இது. வீட்டுக்காரன் திருத்தவேலை செய்யாவிட்டாலும் இதுதான், தொழிற்சாலையில் மேலதிக நேரக் காசு வராவிட்டாலும் இதுதான். விசயம் திருநங்கைகள், திருநம்பிகள் பற்றியது என்றால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். “அரசாங்கம் எங்கட வரிக்காசில ஒப்பரேசன் செய்து குடுக்குது. அதை நிப்பாட்டினால் மனித உரிமை எண்டு வழக்கும் போடுறதோ?”

போடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. திருநரின் மருத்துவச் செலவை ஓர் அரசு வெட்டும்போது அவர்கள் செய்யும் முறைப்பாடு நாங்கள் எரிச்சலோடு பார்க்க வேண்டிய விசயம் அல்ல. அகதியாக இந்த நாட்டுக்கு வந்த எவருக்கும் அது நன்றாகத் தெரிந்த ஒரு போராட்டம். அதற்கு ஆதாரம் தேடி வெளியே போகத் தேவையில்லை. எங்களில் இத்தனை பேர் வாழும் ஒன்ராறியோவின் கதையே போதும்.

ஒரு நாளில் மூடிய கதவு

ஒன்ராறியோவில் பால்மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஓஹிப் காப்புறுதி காசு கொடுத்தது புதிய விசயம் அல்ல. 1970களிலிருந்தே கொடுத்தது. அதற்கான ஒரே வாசல் ரொறன்ரோவில் இருந்த கிளார்க் மனநல நிறுவனத்தின் பாலின அடையாள மருத்துவப் பிரிவு. இன்றைய கம்எச் மருத்துவமனை அந்த நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் இணைந்து உருவானது.

அந்த வாசலுக்குள் போவது லேசில்லை. மருத்துவர்களின் பல சுற்று மதிப்பீடு. அதோடு, சத்திரசிகிச்சைக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் தன் உண்மையான பாலினத்தில் வெளிப்படையாக வாழ்ந்து காட்ட வேண்டும். பெயரை மாற்ற வேண்டும். வேலைத்தலத்தில் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டும். அதனால் வேலை போனவர்கள், குடும்பம் உடைந்தவர்கள் இருந்தார்கள். அவ்வளவையும் கடந்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும்.

1998 ஒக்டோபர் 1 அன்று, மைக் ஹரிஸ் தலைமையிலான முற்போக்குப் பழமைவாத அரசு இந்தச் சத்திரசிகிச்சையைக் காப்புறுதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்தவர்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. நடுவழியில் நின்றவர்களுக்கு எதுவும் இல்லை. அரசு மருத்துவமனை சொன்னபடி பெயரை மாற்றி, உடையை மாற்றி, ஹோர்மோன் எடுத்து, ஊருக்கு முன்னால் நின்றவர்களுக்கு, ‘மிச்சத்தை உங்கட காசில பாருங்கோ’ என்று அரசு சொன்னது. சொந்தக் காசில் என்றால் பல்லாயிரம் டொலர். வேலையையும் இழந்து நிற்கிற ஒருவருக்கு அது நடக்கிற காரியமா?

நான்கு பேர் மனித உரிமைகள் முறைப்பாடு செய்தார்கள். சட்ட ஏடுகளில் இது ‘ஹோகன்’ வழக்கு என்ற பெயரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒன்ராறியோவின் மனித உரிமைக் கோவையில் ‘பாலின அடையாளம்’ என்ற சொல்லே கிடையாது. எனவே பால், இயலாமை ஆகிய இரண்டு அடிப்படைகளிலும் பாகுபாடு நடந்தது என்று வாதிட்டார்கள்.

தீர்ப்பு வந்தது 2006 இல். நீக்கம் நடந்து 8 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் ஏகமனதான தீர்ப்பு அல்ல. கிளார்க் திட்டத்துக்குள் ஏற்கெனவே காலடி வைத்து நடுவழியில் கைவிடப்பட்ட மூவருக்குப் பாகுபாடு நடந்தது என்று தீர்ப்பாயத்தின் பெரும்பான்மை சொன்னது. அவர்களுக்குச் சத்திரசிகிச்சைச் செலவும் மன உளைச்சலுக்கு நட்டஈடும் கிடைத்தன. நான்காமவர் தோற்றார்.

‘அப்ப இதில என்ன வெற்றி?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீர்ப்பு மூன்று பேருக்குத்தான் கதவைத் திறந்தது. ஆனால் அந்த 8 ஆண்டுகளும் அரசு தன் முடிவுக்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மருத்துவ ஆதாரம் என்ன, யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள், நடுவழியில் நிற்பவர்களைப் பற்றி யோசித்தீர்களா என்ற கேள்விகளுக்குப் பதில் பதிவாக வேண்டியிருந்தது. 2008 மே மாதம், அப்போதைய சுகாதார அமைச்சர் ஜோர்ஜ் சிமிதர்மன் காப்புறுதி திரும்ப வரும் என்று அறிவித்தார். ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்த முறை மூன்று பேருக்கு அல்ல, தகுதியான எல்லோருக்கும்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2016 வரை கம்எச் ஒன்றுதான் வாசல். முழு மாகாணமும் ஒரே வரிசையில் காத்து நின்றது. 2016 மார்ச்சில்தான், தகுதிபெற்ற வேறு மருத்துவர்களும் தாதியரும் மதிப்பீடு செய்யலாம் என்று விதி மாறியது. இன்றைக்கும் முன் அனுமதி இல்லாமல் செய்தால் ஓஹிப் காசு தராது. முகமயிர் நீக்கம், குரல் மாற்றம் போன்றவை பட்டியலில் இல்லவே இல்லை. ஆனால் 1998 இல் எல்லோரும் ‘சரி, போகட்டும்’ என்று இருந்திருந்தால் இந்த வரிசைகூட இருந்திருக்குமோ தெரியாது.

அல்பேர்ட்டாவிலும் இதே கதை நடந்தது. 2009 வரவு செலவுத் திட்டத்தில் அந்த மாகாணம் இதே செலவை வெட்டியது. மனித உரிமை முறைப்பாடுகள் குவிந்தன. முதலில் ஏற்கெனவே வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓர் இடைக்கால ஏற்பாடு வந்தது. 2012 இல் காப்புறுதி திரும்ப வந்தது.

‘அம்மாவின்ர முழங்கால் காத்திருக்குது’

இனி எங்கட வீடுகளில் எழும் முக்கியமான எதிர்வாதத்துக்கு வருவோம். “அம்மா முழங்கால் ஒப்பரேசனுக்கு எத்தனை மாசமாக் காத்திருக்கிறா. அதை முதல்ல பாக்கட்டும்.” இதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். காத்திருப்பு உண்மை, அம்மாவின் வலியும் உண்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2008 இல் ஒன்ராறியோ இந்தக் காப்புறுதியைத் திரும்பக் கொண்டுவந்தபோது சொல்லப்பட்ட செலவு ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டொலர். அந்த ஆண்டு மாகாணத்தின் சுகாதாரச் செலவு ஏறத்தாழ 40 பில்லியன் டொலர். அல்பேர்ட்டா வெட்டியது ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் டொலர். பத்து ஆண்டுகள் ஒன்ராறியோ இந்தச் செலவைச் செய்யாமல் இருந்தது. அந்தப் பத்து ஆண்டில் யாருடைய அம்மாவின் முழங்கால் வரிசை குறைந்தது?

இப்படியான வெட்டுகள் காசை மிச்சப்படுத்த என்று சொல்லித்தான் வரும். ஆனால் கத்தி எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள், வாக்குப் பலம் இல்லாதவர்கள், பக்கத்து வீட்டுக்காரரே ஆதரிக்கத் தயங்குகிறவர்கள். அவர்கள் மீது வெட்டினால் சத்தம் வராது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு எங்களுக்கு மறந்துபோகக் கூடாது. 2012 ஜூன் 30 முதல், ஸ்டீபன் ஹார்ப்பரின் மத்திய அரசு அகதிகளுக்கான இடைக்கால மருத்துவத் திட்டத்தை வெட்டியது. சில நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்களுக்கு, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான நோய் இருந்தாலொழிய மருத்துவரே இல்லை என்றானது. மற்ற நாட்டவர்கள் மருத்துவரைப் பார்க்கலாம், ஆனால் வழக்கமான மருந்துக்குக் காசு இல்லை. 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 தமிழர்களில் பலரின் விண்ணப்பங்கள் முடியாமல் இருந்த காலம் அது. கனடியர்களுக்கே இல்லாத வசதி அகதிகளுக்கு எதற்கு என்று அப்போது அரசியல்வாதிகள் கேட்டார்கள். இன்று நாங்கள் திருநர் பற்றிக் கேட்கிற கேள்வி, அன்று எங்களைப் பற்றிக் கேட்கப்பட்டது.

அந்த வெட்டு எப்படிப் போனது? மருத்துவர்கள் வெள்ளை அங்கியோடு வீதிக்கு வந்தார்கள். அகதி மருத்துவர்களின் அமைப்பும் சட்டத்தரணிகளும் வழக்குப் போட்டார்கள். 2014 ஜூலையில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஆன் மக்டாவிஷ், அந்த வெட்டு கொடூரமானதும் வழமைக்கு மாறானதுமான நடத்துகை, சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னார். 2016 ஏப்ரலில் முழுத் திட்டமும் திரும்ப வந்தது. அந்த வழக்கைப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் எங்கட ஆக்கள் இல்லை. எங்களுக்காகவும் சேர்த்துத்தான் போட்டார்கள். அப்போது எங்களில் யாரும் அவர்களைப் பார்த்து ‘நன்றிகெட்ட வேலை’ என்று சொல்லவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். அகதிக் கோரிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நேரில் வாய்மொழியாகத் தன் கதையைச் சொல்லும் உரிமை கனடாவில் எப்படி வந்தது? 1985 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் ‘சிங்’ வழக்கில் கொடுத்த தீர்ப்பால் வந்தது. அடுத்த ஆண்டு நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்து, ஒரு சபைக்கு முன் உட்கார்ந்து தன் கதையைச் சொன்ன ஒவ்வொரு தமிழரும், யாரோ போட்ட அந்த வழக்கின் பலனை அனுபவித்தவர்தான்.

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தராது

இங்கே ஒரு விசயத்தை நேராகச் சொல்ல வேண்டும். கேட்கிற எல்லா மருத்துவத்துக்கும் அரசு காசு கொடுக்க வேண்டும் என்று கனடிய சட்டம் சொல்லவில்லை. 2004 இல் ‘ஓட்டன்’ வழக்கில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு சிகிச்சைக்குப் பிரிட்டிஷ் கொலம்பியா காசு கொடுக்கவில்லை என்பதைப் பாகுபாடாக உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எதைக் காப்புறுதிக்குள் சேர்ப்பது என்று தீர்மானிக்க அரசுக்குப் பெரிய இடம் உண்டு.

ஆனால் கொடுக்கிறதைப் பாகுபாடு இல்லாமல் கொடுக்க வேண்டும். 1997 இல் ‘எல்ட்ரிஜ்’ வழக்கில், செவிப்புலனற்றவர்களுக்கு மருத்துவமனையில் சைகைமொழி உரைபெயர்ப்பாளர் இல்லாதது பாகுபாடு என்று அதே நீதிமன்றம் சொன்னது. காது கேட்பவருக்குக் கிடைக்கும் அதே சேவை, கேளாதவருக்கும் பயன்படும்படி கிடைக்க வேண்டும். இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவில்தான் திருநரின் முறைப்பாடுகள் நடக்கின்றன. எல்லாம் வெல்லும் என்று சொல்ல முடியாது. வெட்டு எப்படி நடந்தது, யாரைக் குறிவைத்தது, நடுவழியில் நின்றவர்களுக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது.

சட்டமும் 1998 இல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2012 இல் ஒன்ராறியோ தன் மனித உரிமைக் கோவையில் ‘பாலின அடையாளம்’, ‘பாலின வெளிப்பாடு’ என்ற இரண்டையும் வெளிப்படையாகச் சேர்த்தது. சட்டமன்ற உறுப்பினர் செரி டினோவோ கொண்டுவந்த அந்தத் திருத்தம் ‘டோபி சட்டம்’ என்று அறியப்படுகிறது. 2017 இல் மத்திய சட்டத்திலும் அது வந்தது. இப்போது முறைப்பாடு செய்கிறவர் 1998 இல் இருந்தவர்களைப் போல ‘பால்’, ‘இயலாமை’ என்று சுற்றி வளைத்து வாதாடத் தேவையில்லை.

எங்கே, எப்படி

எங்கட வானொலிகளிலும் முகநூலிலும் இந்த விசயம் பேசப்பட்டால் ஆதரவு, எதிர்ப்பு என்று சண்டைதான் நடக்கிறது. உதவி தேவைப்படுகிற ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒன்ராறியோவை வைத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ‘உங்களுக்கு இந்தச் சிகிச்சைக்குக் காசு தர மாட்டோம்’ என்று ஓஹிப் தனிப்பட்ட முறையில் மறுத்தால், சுகாதார சேவைகள் மேன்முறையீட்டு மீளாய்வுச் சபைக்குப் போகலாம். இதற்கான கால எல்லை மிகக் குறுகியது. மாதக்கணக்கு அல்ல, நாள்கணக்கு. மறுப்புக் கடிதம் வந்த அன்றைக்கே அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இந்த வாசலால் போய் வென்றவர்கள் இருக்கிறார்கள். ‘கே.எஸ்.’ என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒருவரின் சத்திரசிகிச்சையை ஓஹிப் மறுத்தது. சபை அவருக்குச் சார்பாக முடிவு சொன்னது. ஓஹிப் மேன்முறையீடு செய்தது. 2024 இல் கோட்ட நீதிமன்றமும், 2025 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும் சபையின் முடிவையே உறுதி செய்தன.

விதியே பாகுபாடானது என்றாலோ, ஒரு நிறுவனம் உங்களை நடத்திய விதம் பாகுபாடானது என்றாலோ, போக வேண்டிய இடம் ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம். 2008க்கு முன் ஆணைக்குழு வழியாகப் போக வேண்டியிருந்தது. இப்போது நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. சட்டத்தரணி வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனித உரிமைகள் சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தருகிறது.

கால எல்லை ஒரு வருடம். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். எங்கட ஆக்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ‘பாப்பம், பாப்பம்’ என்று இருந்து வருடம் ஓடிவிடும். பிந்தியதற்கு நல்ல காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. வங்கி, விமானச் சேவை, மத்திய அரசு அலுவலகம் என்றால் கனடிய மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். அங்கும் ஒரு வருடம்தான்.

கடிதங்களை எறியாதீர்கள். மருத்துவரின் பரிந்துரை, ஓஹிப் கடிதம், மின்னஞ்சல், தொலைபேசியில் யார் எந்தத் திகதி என்ன சொன்னார் என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். ஹோகன் வழக்கில் வென்ற மூவருக்கும் தோற்ற ஒருவருக்கும் இடையில் இருந்த பெரிய வித்தியாசம், வெட்டு வந்த நாளில் அவர்கள் எந்தக் கட்டத்தில் நின்றார்கள் என்பதுதான். அதைக் காட்டுவது தாள்தான். அகதி விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு துண்டுத் தாளையும் பொலித்தீன் பைக்குள் பத்திரப்படுத்திய சமூகம் நாங்கள். இது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விசயம் அல்ல.

இன்னொன்று. முறைப்பாடு செய்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டத்துக்கு முரணானது. வேலையை விட்டு நிறுத்தினாலோ சேவையை மறுத்தாலோ, அது தனியாக இன்னொரு மீறல்.

நேரம் எடுக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. தீர்ப்பாயத்தில் தேக்கம் அதிகம். விண்ணப்பித்தால் அடுத்த மாதம் தீர்வு வரும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். குடும்பம் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி அதுதான்.

பெயர் வெளியில் வருமா?

சட்டத்தைவிட எங்கட பிள்ளைகளைத் தடுக்கிற பெரிய சுவர் இது. “முறைப்பாடு செய்தால் பேப்பரில பேர் வரும். மார்க்கத்தில மாமி வாசிப்பா. ஊரில அம்மம்மாவுக்குப் போன் போகும்.” இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஒரு கலியாண மண்டபத்தில் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தீர்ப்பாய முடிவுகள் பொதுவில் வெளியாவது வழக்கம். ஆனால் பெயரை மறைத்து எழுத்துகளால் மட்டும் குறிப்பிடும்படி கேட்கலாம். காரணம் காட்ட வேண்டும், கொடுப்பதா இல்லையா என்பதைத் தீர்ப்பாயம் தீர்மானிக்கும். ஹோகன் வழக்கின் நால்வரில் ஒருவர் ‘ஏ.பி.’ என்ற எழுத்துகளாகத்தான் இருக்கிறார். நான் மேலே சொன்னவர் ‘கே.எஸ்.’. பிரித்தானியாவில், திருநர் சிகிச்சைக்கு முற்றாகக் காசு மறுக்கிற கொள்கை சட்டவிரோதமானது என்று 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன முக்கியமான வழக்கில் வென்ற மூவரும் ‘ஏ’, ‘டி’, ‘ஜி’ என்று மட்டுமே அறியப்படுகிறார்கள். இலண்டனில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அதே தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறார்கள். முகம் தெரியாமலே ஒரு நாட்டின் விதியை மாற்றியவர்கள் இவர்கள்.

ஆனால் பெயரை மறைக்க வேண்டி வருவது சட்டத்தின் குறையால் அல்ல. அது எங்களால் வருகிறது. தீர்ப்பாயத்தின் முன் அரசுச் சட்டத்தரணிகளை எதிர்கொள்ளத் துணிந்த ஒரு பிள்ளை, ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வரிசையில் நிற்கப் பயப்படுகிறது என்றால் அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

‘இது வெள்ளைக்காரர் பழக்கம்’ என்கிறவர்களுக்கு

ஒன்ராறியோ காப்புறுதியைத் திரும்பக் கொடுத்தது 2008 மே, ஜூன் மாதங்களில். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2008 ஏப்ரலில், தமிழ்நாடு அரசு திருநங்கைகள் நலவாரியத்தை அமைத்தது. இந்தியாவில் அப்படியான முதல் வாரியம் அது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சத்திரசிகிச்சை இலவசமாகவும் செய்யப்பட்டு வந்திருக்கிறது. ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல்லைப் பரவலாக்கியதும் அந்த அரசுதான். 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2016 இல் இலங்கைச் சுகாதார அமைச்சு பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கையை வெளியிட்டது.

நடைமுறையில் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. திருநங்கைகள் அங்கே படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது வெளிநாட்டில் பிடித்துக்கொண்ட நோய் என்ற கதையைத் தமிழ் மண்ணே ஏற்கவில்லை. அரசாணையில் இடம் கொடுத்திருக்கிறது. இங்கே பிறந்த எங்கட பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும்போது, ‘கனடா கெடுத்துப்போட்டுது’ என்று சொல்வதற்கு முன் இதை ஒருக்கால் யோசிக்கலாம்.

கதவு திறந்திருக்கும்போதே

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முறைப்பாடு செய்யும் உரிமையே நிரந்தரமானது அல்ல. அல்பேர்ட்டாவில் 2024 இல் இளம் திருநரின் சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டு இறுதியில் மாகாண அரசு சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தி, சாசன உரிமைகளை மட்டுமல்ல, மாகாணத்தின் சொந்த மனித உரிமைச் சட்டத்தையும் மீறி அந்தச் சட்டம் நிற்கும்படி செய்தது. அதாவது, முறைப்பாடு செய்யப் போகிற கதவையே பூட்டியது.

இளவயதினரின் சிகிச்சை பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். அது வேறு விவாதம். நான் கேட்பது, கதவைப் பூட்டுவது சரியா என்பதுதான். ஒன்ராறியோவில் 2022 இல் இதே 33ஆம் பிரிவு பாடசாலை ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு எதிராக எடுக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்றதால் அரசு பின்வாங்கியது. இன்றைக்குத் திருநர் மீது பாவிக்கிற கருவியை நாளைக்கு அகதி மீதோ தொழிலாளி மீதோ பாவிக்க மாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

எனவே தமிழ் அமைப்புகளிடம் கேட்பது பெரிய விசயம் அல்ல. பேரணி வேண்டாம், அறிக்கைகூட வேண்டாம். உங்கள் சமூக நிலையங்களில் வரிப் படிவம் நிரப்பவும் முதியோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கவும் உதவுகிறீர்கள். அதே மேசையில் மனித உரிமை விண்ணப்பத்துக்கும் ஓர் இடம் வையுங்கள். தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை இருத்துங்கள். வருகிறவர் பெயரை வெளியில் சொல்லாதீர்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை ஒருநாள் ஒரு மறுப்புக் கடிதத்தோடு வந்து நின்றால், ‘உனக்கேன் இந்த வேலை’ என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். கடிதத்தை வாங்கி, அதில் இருக்கிற திகதியைப் பாருங்கள். கால எல்லை எப்போது முடிகிறது என்று சேர்ந்திருந்து எண்ணுங்கள். மற்றக் கதையெல்லாம் பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம்.